ஏழாவது வரி

றுமைஸைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவனை ஒரு மாதிரியான ஆள் என்று அவர்களுக்குச் சொல்லித் திரிந்தவளே நான்தான். அதனால் நல்லவன் கெட்டவன் என்ற பேச்சை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடையில் என்மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கே வந்தது.

முதலில் என் கடை. மாவட்டக் காரியாலயமான கச்சேரிக்கும், வழக்குக்காகக் கோட்டுக்கும் போகிறவர்கள் நடந்து வருகிற வழியில் பதின்மூன்று வருடமாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட், தமிழ் டைப்பிங். மூதூரில் இருந்து காணிப் பிரச்சினையோடு வருவார்கள், திரியாயில் இருந்து பென்ஷன் கடிதத்தோடு வருவார்கள், காணாமல் போன மகனுக்காக முப்பதாவது மனு எழுத ஒரு அம்மா வருவா. அவர்கள் வாயால் சொல்வார்கள், நான் அடிப்பேன். முன்பு லக்சனா என்று ஒரு பிள்ளை டைப்பிங்குக்கு இருந்தாள். அவள் 2017இல் நின்ற பிறகு எல்லாம் என் இரண்டு கையும்தான்.

இவ்வளவு பேருடைய வீட்டுக் கதை கிடக்கிற கொம்பியூட்டரை எவனாவது வந்து தொட விடுவேனா? விடமாட்டேன். தூசி தட்டுவதும் நானே, வயரைக் கழற்றிப் பூட்டுவதும் நானே. செக்பொயின்றில் பையைத் திறந்து காட்டிக் காட்டியே வளர்ந்த கை இது, பிறத்தியான் கை பக்கத்தில் வந்தால் தன்பாட்டில் மூடிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் இதைச் சந்தேகப் பேய் என்பார். அவருக்கென்ன, அன்புவழிபுரத்தில் வீட்டில் இருந்து கிரிக்கெட் பார்க்கிறவர்.

றுமைஸ் என் கடைக்குப் பக்கத்து அறைக்கு வந்தது ஆறு வருடத்துக்கு முன். இரண்டு அறைக்கும் சொந்தக்காரர் லிங்கநகர் சின்னராசா அண்ணன். றுமைஸ் கிண்ணியாக்காரன். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் அவனுடைய வாப்பா அங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய பாதை என்கிற மிதவைப் படகில் வேலை செய்தவர். இவன் இருபது வயதில் கட்டாருக்குப் போய், ஒரு கொம்பனியில் தேத்தண்ணி கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கே கொம்பியூட்டர் திருத்த வந்த மலையாளத்துக்காரர் ஒருவருக்குப் பின்னால் திரிந்து தொழிலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். மனைவி ஸல்ஹா, இரண்டு பெண் குழந்தைகள். தினமும் காலையில் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவான்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் கொண்டுவருகிறவரை விட்டுவிட்டுப் போக விடமாட்டான். மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை போட்டு, "இதில இருந்து பாருங்க, நான் என்ன செய்றன் எண்டு பாருங்க" என்பான். கதவும் எப்போதும் அகலத் திறந்திருக்கும். 2019க்குப் பிறகு வந்த பழக்கம் அது. அந்த வருடத்துக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவனுடைய தம்பி இஹ்ஸானைப் பொலிஸ் விசாரணைக்கென்று கொண்டு போய், பதினொரு மாதம் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். தம்பிக்காக வக்கீலுக்கும் மற்ற இடங்களுக்கும் போன கடிதமெல்லாம் என் கடையில் நான் அடித்ததுதான். வெளியே வந்த பிறகும் பொலிஸ் அறிக்கை, பாஸ்போர்ட் என்று கடிதம் ஓயவில்லை. றுமைஸ் பக்கத்தில் நின்று சொல்வான், நான் அடிப்பேன். அப்போதெல்லாம் நான் அவனுக்கு அக்காதான்.

போன வருடம் என் மெஷின் மாடு மாதிரிப் படுத்துவிட்டது. ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னால், ஆள் வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வரலாம். கோட்டுக்கு நேரமாகிறது என்று சனம் என்னைத் திட்டத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் றுமைஸைக் கூப்பிட்டேன். "இஞ்ச, என்ர கடைக்குள்ள வச்சு, என்ர கண்ணுக்கு முன்னால" என்றேன். அவன் தன் சிவப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டான்.

டிஃப்ராக் என்று ஒன்றை ஓட்டினான். திரை நிறையக் குட்டிக் குட்டிச் சதுரங்கள், சிவப்பும் நீலமுமாக. டிஸ்கில் ஒரு கடிதத்தின் முதல் பக்கம் ஒரு அலுமாரியில், இரண்டாம் பக்கம் இன்னொரு அலுமாரியில் என்று சிதறிக் கிடக்கிறதாம், ஊசி ஓடி ஓடித் தேடுகிறதாம், இது எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்குமாம். நல்லது, அடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சதுரங்கள் ஒவ்வொன்றாக நீலமாகி ஒதுங்கின. ஆனால் நடுவில் சில பச்சைச் சதுரங்கள் அசையவே இல்லை.

அது ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டேன். பூட்டியிருக்கிறது என்றான். என் மெஷினில் எனக்குத் தெரியாமல் எவன் பூட்டுப் போட்டது என்று எனக்கு ஏறிவிட்டது.

"திறப்பு போட்டுத் திறக்கிற பூட்டு இல்ல அக்கா," என்றான் றுமைஸ். "ஆரோ அந்தக் கொப்பிய விரிச்சு வெச்சு எழுதிட்டு இரிக்காங்க. எழுதுறவர்ட கையில இருந்து பறிச்சு வேற இடத்தில வெக்க ஏலாது. அதான் பூட்டு."

"ஆர் எழுதுறது?"

"விண்டோஸ்தான். அதுக்கெண்டு சில பைல் இரிக்கி. மெஷின் ஓடுற வரைக்கும் அதுகள விடாது."

அதற்கும் ஒரு வழி இருந்ததாம். மெஷினை நிறுத்திப் போட்டால், விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன் ஒரு சிறு நேரம் இருக்கிறதாம். அப்போது எவரும் கொப்பியை விரித்திருக்க மாட்டார்கள், அந்த நேரம் பார்த்துப் பச்சைச் சதுரங்களையும் அடுக்கிவிடலாமாம். வீட்டுக்காரர் விழிக்க முன் வந்து செய்கிற வேலை என்ன வேலை என்று என் மனம் அப்போதே கேட்டது. எனக்குத் தெரிந்து அது ஒரே ஒரு ஆளுடைய தொழில். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, நகர்த்த முடியாத பைல்களின் பட்டியலை எழுத்தில் தா என்று மட்டும் கேட்டேன். எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

பட்டியல் திரையில் வந்தது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவன் முகம் மாறியதைக் கண்டேன். சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிட்டது. ஐந்து வருடத்தில் எவரையும் கதிரையில் இருந்து எழுப்பாதவன், "அக்கா, நீங்க போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. இது நேரம் எடுக்கும்" என்றான். நான் எழும்பவில்லை. பிறகு ஒரு கிழவர் வாசலில் நின்று லெமினேட்டுக்கு அவசரப்படுத்தியதால் இரண்டு நிமிடம் முன்னுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது தாள் கையில் இருந்தது. ஆறு வரி. கீழ்ப்பக்கம் ஒரு விரலகலம் கிழிக்கப்பட்டிருந்தது. பிரிண்டரில் இறுகிவிட்டது, அதனால் கிழிந்தது என்றான். என் பிரிண்டர் தாளை இறுக்கினால் கசங்கும், கிழியாது. அதோடு வாழ்கிறவள் எனக்குத் தெரியாதா?

மெஷினை நிறுத்திப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கடைசியில் நின்ற வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஏழில் ஏழு முடிந்தது என்று அதில் இருந்தது. தாளில் ஆறு, திரையில் ஏழு.

"ஏழாவது என்ன?" என்று கேட்டேன்.

"அது ஒண்டுமில்ல அக்கா. அதுவும் சிஸ்டம் பைல்தான்," என்றான், சுவரைப் பார்த்து. கூலிகூட வாங்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கூலி வாங்காமல் போகிற தொழிலாளியை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். மெஷின் முன்னையதைவிட வேகமாகத்தான் ஓடியது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எழுத்து அடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்துச் சிறு லைட் மினுங்கியது. முன்பும் மினுங்கியிருக்கும், நான் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு மினுக்கமும் என் நெஞ்சில் குத்தியது. நான் அடிக்கிற ஒவ்வொரு கடிதமும் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறதாக நினைத்தேன். றுமைஸோ என் கடை வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டான். காலையில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவான். பிறகு ஒருநாள் அவன் மேசையில் இஹ்ஸானுடைய பாஸ்போர்ட் சம்பந்தமான கடிதம் ஒன்றைக் கண்டேன், வேறு எழுத்துருவில். கிண்ணியாவில் அடித்திருக்கிறான். ஐந்து வருடம் என் கையால் அடித்தது இப்போது ஏன் கசந்தது? குற்றமுள்ள மனசு, வேறென்ன, என்று முடிவு கட்டினேன்.

அவனிடம் போய்க் கேட்டேனா? இல்லை. மற்றவர்களிடம் சொன்னேன். போட்டோ ஸ்டூடியோக்காரரிடம், பாமசிப் பிள்ளையிடம், மகனுடைய மடிக்கணினியை அவனிடம் கொடுத்திருந்த பஸ்மியா டீச்சரிடம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, "கொஞ்சம் கவனமா இருங்கோ, அவர் மெஷினுக்குள்ள என்னவோ வைக்கிறார் போல கிடக்கு" என்ற அளவில்தான். அந்த அளவே போதும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் அன்றைக்கே போய் மடிக்கணினியைத் திருப்பி வாங்கிவிட்டா.

கடைசியாகச் சின்னராசா அண்ணனுக்கு ஒரு கடிதமே அடித்துக் கொடுத்தேன். பக்கத்து அறையில் இருப்பவரால் என் வாடிக்கையாளர்களின் அந்தரங்கத்துக்கு ஆபத்து, ஆவன செய்யவும் என்று, கச்சேரிக்கு அடிக்கிற அதே பாணியில். அவர் என் சொல்லைத் தட்டாதவர். மாத முடிவோடு அறையை விடச் சொல்லி றுமைஸுக்கு அறிவித்துவிட்டார். கச்சேரிக்கும் கோட்டுக்கும் வருகிற சனத்தை நம்பிப் பிழைக்கிற தொழில். இந்த இடம் போனால் அவனுக்குக் கிண்ணியாவில் வீட்டு வாசல்தான், அங்கே ஒரே வீதியில் ஏற்கெனவே மூன்று திருத்தகம் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவன் ஏன் என்று என்னிடம் வந்து கேட்கவுமில்லை, அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்து சாமானை அடுக்கத் தொடங்கினான்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது சின்னராசா அண்ணன் தொலைபேசி எடுத்தார். அந்தப் பொடியன் உண்மையில் என்னத்தை எடுத்தான், கையில் ஏதும் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு மனம் உறுத்தியிருக்க வேண்டும். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் வாய்ச்சொல் போதாதா? சரி, எழுத்தில் காட்டுகிறேன் என்றேன்.

அது ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, கச்சேரி பூட்டு, வீதியில் எங்கள் ஊர் மான்கள் மட்டும் வாழைப்பழத்தோல் தேடித் திரிந்தன. கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, றுமைஸ் செய்ததை நினைவில் வைத்து நானே டிஃப்ராக்கை ஓட்டினேன். மத்தியானம் ஆயிற்று. நகர்த்த முடியாதவை என்று பட்டியல் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் எண்ணினேன். முதல் ஆறும் அந்தத் தாளில் இருந்தவைதான். ஏழாவது நீளமான ஒரு வரி. ஏதோ புரோகிராம், அதற்குள் ஒரு பெட்டி, பெட்டியின் பெயர் ஆங்கில எழுத்தில் லக்சனா.

பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன், சீ. பிறகு அந்தப் பைல் உண்டான திகதி கண்ணில் பட்டது. 2017 மாசி. அப்போது றுமைஸ் கட்டாரில் இருந்தான். ஏழு வருடமாக ஒருதரம்கூட நினைக்காத ஒரு விஷயம் முழுசாக எழும்பி வந்து முன்னால் நின்றது.

அந்த வருடம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய அடையாள அட்டைப் பிரதி வேறொரு கடையில் கிடந்ததாக யாரோ சொன்னார்கள். லக்சனாதான் கொண்டு போகிறாள் என்று எனக்குச் சந்தேகம். என் தம்பியின் மகன் கஜீபன் அப்போது கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை நான் இல்லாத நேரம் என்ன அடிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று அவனைக் கேட்டேன். அவன் ஏதோ போட்டுத் தந்தான். நான் அதைத் திறந்து பார்க்க முன்பே, இரண்டு கிழமையில் அவள் தானாகவே நின்றுவிட்டாள். பார்க்கிற தேவை போய்விட்டது, நான் மறந்தே போனேன். அந்த வருடமே கஜீபனும் கனடாவுக்குப் போய்விட்டான்.

அவனுக்கு வாட்ஸ்அப் எடுத்தேன். அங்கே விடியற்காலை, அவன் கொட்டாவியோடு சிரித்தான்.

"மாமி, அது இன்னும் ஓடுதா? நீங்கள் தானே போடச் சொன்னனீங்கள். நிப்பாட்டச் சொல்லி ஒருதரும் சொல்லேல்லயே."

எங்கேயாவது அனுப்புகிறதா என்று கேட்டேன். இல்லையாம். மெஷினுக்குள்ளேயே இருந்து, விசைப்பலகையில் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் எழுதிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் அந்தப் பைல் எந்த நேரமும் திறந்தபடி, எந்த நேரமும் பூட்டியபடி. பாஸ்வேர்ட் கடைத் தொலைபேசி இலக்கமாம்.

திறந்தேன். ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டியது. நான் பாமினி எழுத்துருவில் அடித்தே விரல் தேய்ந்தவள், அதற்கு மாற்றினேன், குப்பை எல்லாம் தமிழாயிற்று. ஏழு வருடம். காணாமல் போன மகனுக்கான மனுக்கள், மனைவி மேல் கை வைத்தவனுடைய மன்னிப்பு, இஹ்ஸானுக்காக றுமைஸ் பக்கத்தில் நின்று சொன்ன ஒவ்வொரு வரி. கடைசிப் பக்கங்களில், பக்கத்து அறையில் இருப்பவரால் அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று நான் அடித்த கடிதம். ஆபத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனைக் கள்ளன் என்றிருக்கிறேன்.

பிறகு முதற் பக்கத்துக்குப் போனேன். அந்தப் புரோகிராம் அழித்ததையும் விடாமல் எழுதியிருந்தது. அது ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், லக்சனா அடித்திருக்கிறாள்: சோபனா அக்கா, என்னில சந்தேகம் எண்டால் என்னட்டையே கேளுங்கோ, நான் ஒண்டும் எடுக்கேல்ல. அதற்குக் கீழே அழித்த அடையாளம், எழுத்துக்கு ஒன்றாக, வரி முழுக்க. அடுத்த நாளும் அதே வரி, அதே அழிப்பு. இப்படி நாலு தரம். கடைசி நாள் மட்டும், நாளை முதல் வேலைக்கு வரமாட்டேன், நன்றி என்று. அதைத்தான் பிரிண்ட் எடுத்து எனக்குத் தந்தாள். குற்றமுள்ள மனசு என்று நான் மேசை லாச்சிக்குள் போட்டது நினைவு வந்தது. கதவைச் சாத்திவிட்டு நல்லாய் அழுதேன், வேறு என்ன செய்வது.

அடுத்த நாள் காலை றுமைஸின் அறைக்குப் போனேன். பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தான். சிவப்புக் கதிரை மட்டும் இன்னும் வெளியே இருந்தது. கேட்காமலே அதில் இருந்தேன்.

"ஏழாவது வரி என்ரதான்," என்றேன்.

அவன் நாடாவைக் கீழே வைத்தான். தெரியும் என்றான். கட்டாரில் அவன் வேலை செய்த இடத்தில் முதலாளி எல்லா மெஷினிலும் அப்படி ஒன்று போட்டிருந்தாராம். ஒரு நேபாளக்காரன் தன் பெண்சாதிக்கு எழுதியதை எடுத்து வைத்து, அவனை மூன்று நாளில் ஊருக்கு ஏற்றினார்களாம். என் திரையில் அதைக் கண்டதும், நான் இஹ்ஸானுடைய கடிதங்களை யாருக்கோ கொடுக்கிறவள் என்றே நினைத்தானாம். தான் கண்டது எனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்றுதான் தாளைக் கிழித்தானாம்.

"அஞ்சு வருசமா பக்கத்துச் சுவர் அக்கா. ஆனா நீங்க ஆரெண்டு எனக்கித் தெரியாமப் போச்சு. வீட்ட போய் ஸல்ஹாட்டயும் சொல்லேல்ல. அவ்வளவு பயந்துட்டன்."

வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா? ஏன் என்னிடமே நேராகக் கேட்கவில்லை என்று சீறினேன்.

"நீங்க என்னட்டக் கேட்டீங்களா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "ஏழாவது என்னண்டு கேட்டீங்க, நான் பொய் சொன்னன், அது என்ட பிழைதான். ஆனா நீ களவெடுத்தியா எண்டு என்னட்டக் கேக்கல்ல. ஊருக்குத்தான் சொன்னீங்க."

சின்னராசா அண்ணனுக்கு இப்போதே சொல்கிறேன், பெட்டியைப் பிரி என்றேன். அவன் அசையவில்லை. யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்கள் எல்லாரிடமும் என் வாயாலேயே போய்ச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிறேன் என்றான். எத்தனை பேர் என்று கேட்டான். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது.

ஒன்பது பேரிடமும் போனேன். சின்னராசா அண்ணன் கேட்டுவிட்டு, "பிள்ளை, ஒரு கிழமையா அந்தப் பொடியன்ட முகத்தப் பார்க்கேலாமல் கிடந்தனான்" என்று பெருமூச்சு விட்டார். அறை அவனுக்கே என்றார். ஸ்டூடியோக்காரர் சிரித்தார். பாமசிப் பிள்ளை அன்றிலிருந்து என்னைக் கண்டால் தொலைபேசியைப் பார்க்கிறாள். பஸ்மியா டீச்சரிடம் கடைசியாகப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப என்ட மகள்ட விவாகரத்துக் கடிதமும் அதுல இரிக்கா?" என்று கேட்டா. ஓம் என்றேன். டீச்சர் பிறகு என் கடைக்கு வரவேயில்லை. மடிக்கணினியை மட்டும் றுமைஸிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறா, அதைக் கண்டு எனக்குப் பாதிச் சுமை இறங்கியது.

ஒன்பதாவது ஆளும் முடிந்த அன்று பின்னேரம் றுமைஸ் பெட்டிகளைப் பிரித்தான். பிறகு கதிரையையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அந்தப் பைலை அழிக்கப் பார்த்தோம், விடவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறது என்றது. மெஷினை நிறுத்திப் போட்டு, அது விழிக்க முன் அழித்தான். நான் கதிரையில் இருந்து கடைசி எழுத்துவரை பார்த்தேன். இந்த முறை கூலி வாங்கினான், முந்தியதையும் சேர்த்து.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு வரியை மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்தேன். அது அவன் கேட்ட ஒன்பதில் சேராது, ஆனால் என் கணக்கில் பத்தாவது இருந்தது. லக்சனா கலியாணம் முடித்துத் திரியாயில் இருக்கிறாள் என்று பென்ஷன் கடிதத்துக்கு வந்த ஒருவர் சொன்னார், இலக்கமும் அவரிடமே வாங்கினேன். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் கடையில் எவரும் இல்லாத நேரம் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?" என்றாள்.

சோபனா என்றேன். அந்தப் பக்கம் உழவு மெஷின் ஒன்று ஓடிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சொல்லுங்கோ அக்கா என்றாள், மரியாதையாகத்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், கையில் இருந்த தாளையே அவளுக்கு வாசித்தேன். என்னில சந்தேகம் எண்டால் என்னட்டையே கேளுங்கோ.

வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன்.

"அதை நான் உங்களுக்குத் தரேல்லயே அக்கா. அடிச்சுப்போட்டு அழிச்சனான்," என்றாள் லக்சனா. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.